பிள்ளைக்கும் ஜாமீன் நிற்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



வழக்கமா இந்த மேடையில சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் இதைப் பத்தித்தான் பேசுவோம். இந்த வருஷம் எனக்குக் கொடுத்த தலைப்பு வேற. பள்ளிக்கூடத்துல ஒரு அவசரம்னா பெத்தவங்க என்ன செய்யணும் என்பதுதான் அது. நான் சத்துணவு அமைப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடத்து வாசலை உள்ளே இருந்தே பல வருஷம் பார்த்தவள்.

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. பலருக்கு ஞாபகம் இருக்கும். கோபாலபுரம், அண்ணாநகர், முகப்பேர் என்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு, வெடிகுண்டு வச்சிருக்கோம்னு மின்னஞ்சல் வந்தது. போலீஸும் வெடிகுண்டு நிபுணர்களும் மோப்ப நாயோடு போய்த் தேடினார்கள். எங்கேயும் ஒண்ணும் இல்லை, வெறும் புரளி. அதே வருஷம் மே 1 அன்று டெல்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு இதே மாதிரி வந்தது. அதுவும் புரளிதான்.

புரளின்னு தெரியறதுக்கு முன்னாடி போன அந்தச் சில மணி நேரத்தைப் பத்தித்தான் நான் பேச வந்திருக்கேன். டிவியில் பார்த்திருப்பீங்க, பெத்தவங்க தலைதெறிக்க ஓடி வந்து பள்ளிக்கூட வாசல்ல நின்னதை. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெத்த வயிறு கேக்குமா? ஓடத்தான் தோணும். ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, எப்படி ஓடணும்னு நமக்குப் புரியும்.

மணி அடிச்சதும் ஒவ்வொரு டீச்சரும் தன் வகுப்புப் பிள்ளைகளை வரிசையா மைதானத்துக்குக் கூட்டிட்டு வருவாங்க. வருகைப் பதிவேட்டை வச்சுத் தலையை எண்ணுவாங்க. காலையில 38 பேர் வந்திருந்தா மைதானத்துலயும் 38 பேர் நிக்கணும். அந்த நேரத்துல ஒரு அம்மா வரிசைக்குள்ள புகுந்து தன் பிள்ளையைச் சொல்லாம இழுத்துட்டுப் போனா என்ன ஆகும்? 37 தான் வரும். அந்த ஒரு பிள்ளையைத் தேடி யாராவது ஒருத்தர் ஆபத்து இருக்கிற கட்டடத்துக்குள்ள திரும்பப் போகணும். வாசல்ல நாம கூடி நின்னா, வண்டிகளைக் குறுக்கே நிறுத்தினா, தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் எங்கே நுழையும்? நம்ம பக்கத்துத் தெருக்களோட அகலம் உங்களுக்கே தெரியும்.

அதனால போகலாம். ஆனா பள்ளிக்கூடம் சொல்ற இடத்துல நின்னு, டீச்சர்கிட்ட சொல்லி, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் பிள்ளையை வாங்கணும். வாட்ச்மேன் தடுத்தா கோபப்படாதீங்க. உங்களைத் தடுக்கிற அதே கைதான் நாளைக்கு ஊர் பேர் தெரியாத ஒருத்தன் உங்க பிள்ளையைக் கேட்டு வந்தாலும் தடுக்கும்.

இன்னொரு விஷயம், போன் நம்பர். நான் வேலை பார்த்த இடத்துல ஒருநாள் மூணாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். பதிவேட்டில் இருந்த முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது நம்பர் யாரோ ஒருத்தரிடம் போச்சு. பக்கத்து மருத்துவமனையில காட்டி மருந்து கொடுத்தோம். ஆனா அம்மா வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிடுச்சு. அதுவரைக்கும் அந்தக் குழந்தை ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தது. அந்த அம்மா மேல தப்பு இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. உள்ளே போகும்போதே போனை வாங்கி வச்சுக்குவாங்க. நம்மில் எத்தனை பேர் நிலைமை இதே! வீட்டு வேலைக்குப் போற இடத்துல போன் பைக்குள்ள கிடக்கும். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பார். சலுகைக்காக சிம் கார்டை மாத்திருப்போம், பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்க மாட்டோம்.

ஒருத்தி கடன் வாங்கினா குழுவே ஜாமீன் நிக்குது. ஒருத்தி தவணை கட்ட முடியாத மாசம் மத்தவங்க சேர்ந்து கட்டினதும் உண்டு. பணத்துக்கே ஜாமீன் நிக்கிற நாம பிள்ளைக்கு நிக்க மாட்டோமா? அதனால ஒரு யோசனை சொல்றேன். ஒவ்வொரு குழுவும் தனியா ஒரு நோட்டு போடணும். உறுப்பினர் ஒவ்வொருத்தரின் பிள்ளை பெயர், பள்ளி, வகுப்பு, கூப்பிட வேண்டிய இரண்டு நம்பர், நாம வர முடியாட்டா யார் போய்க் கூட்டி வருவாங்க என்பதை அதில் எழுதணும். பகல்ல வீட்டோட இருந்து தையல் வேலை பார்க்கிறவங்க, இட்லிக் கடை போட்டிருக்கிறவங்க என்று குழுவுக்கு இரண்டு பேர் போதும். அவங்க பெயர், போட்டோவோட பெத்தவங்க கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பள்ளியில முன்கூட்டியே கொடுத்து வைக்கணும். அவசரத்தன்னைக்குப் போய், நான் சித்தி, நான் பக்கத்து வீடுன்னு சொன்னா எந்தப் பள்ளியும் பிள்ளையை அனுப்பாது, அனுப்பவும் கூடாது. அந்த நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீங்க. அது ஊக்குநர் கையில பத்திரமா இருக்கட்டும்.

பிள்ளைக்கும் சொல்லி வைக்கணும். அம்மா அப்பா நம்பர் மனப்பாடமா தெரியணும். வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியச் சொல் வச்சுக்கோங்க. உங்க அம்மா அனுப்பினாங்கன்னு யார் வந்தாலும் அந்தச் சொல்லைக் கேக்கட்டும். சொல்லத் தெரியாதவங்களோட போகவே கூடாது.

போன்லயும் ஏமாத்துறாங்க. உங்க பையனுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கன்னு கூப்பிடுவாங்க. போலீஸ் பேசுறேன், உங்க பொண்ணைப் பிடிச்சு வச்சிருக்கோம்னு மிரட்டுவாங்க. பதறாதீங்க. அந்தப் போனை வச்சுட்டு, பள்ளிக்கூடத்து நம்பருக்கு நீங்களே போடுங்க. பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்குச் சொல்லுங்க.

மழைக்காலத்துக்கும் ஒண்ணு சொல்லணும். நாம இருக்கிற வேலப்பன்சாவடி திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில கிழக்கே போய் மதுரவாயல் வந்துட்டா சென்னை மாவட்டம். அந்தப் பக்கம் மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம். மழைக்கு விடுமுறை விடுறது அந்தந்த மாவட்ட ஆட்சியர். அதனால உங்க வீடு எந்த மாவட்டம்னு பார்க்காதீங்க, பிள்ளையோட பள்ளி எந்த மாவட்டம்னு பாருங்க. பழைய விடுமுறைச் செய்தியைத் தேதி மாத்தி அனுப்புறவங்களும் இருக்காங்க. பள்ளியிலிருந்து வந்தாலோ ஆட்சியர் அறிவிச்சதா செய்தியில வந்தாலோ நம்புங்க. உறுதி தெரியாததை அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க.

நாம ஒழுங்கா இருந்தா மட்டும் போதாது, பள்ளியையும் கேக்கணும். 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல் கூடத்துல பிடிச்ச தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனாங்க. சத்துணவு அடுப்புப் பக்கம் நிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வராம இருந்ததில்லை. அதனால தைரியமா கேளுங்க. வெளியே வர இரண்டு வழி இருக்கா? தீயணைப்புக் கருவியை இயக்கத் தெரிஞ்சவங்க யார்? ஒத்திகை கடைசியா எப்போ நடந்தது? அவசரம்னா எந்த நம்பர்லருந்து எங்களுக்குச் செய்தி வரும்? அரசுப் பள்ளியா இருந்தா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலி நமக்காகப் போட்டது. போய் உட்காருங்க.

நம்பர்களையும் சுவத்துல எழுதி ஒட்டிடுங்க. எந்த அவசரத்துக்கும் 112, தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. பிள்ளைக்கு யாராலயாவது தொந்தரவு, பிள்ளையைக் காணோம்னா 1098. பள்ளிக் கல்வி சம்பந்தமா கேக்கணும்னா 14417.

தலைவி அவர்களே, இதைப் பேச்சோடு விடாம இன்னைக்கே தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் பணத்தோடு பிள்ளையின் பள்ளி விவரத்தையும் எல்லாரும் எழுதி எடுத்துட்டு வாங்க. படிக்க எழுதத் தெரியாதவங்களுக்கு பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க எழுதிக் கொடுங்க.