ஷிப்ட் முடிந்து வகுப்புக்கு



தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு நோக்கிப் போகிற மின்சார ரயிலில் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று அடுத்தடுத்து நிலையங்கள் வரும். கல்லூரிப் பையோடு இறங்குகிறவர்களும் கம்பெனி அடையாள அட்டையோடு இறங்குகிறவர்களும் இந்த நான்கு நிலையங்களிலும் கலந்தே இருப்பார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஓரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். அங்கே வேலை பார்க்கிற இளம் பொறியாளர்களில் சிலர், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டே போவார்கள். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். இவர் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்.

ஓராண்டு, ஈராண்டு, சிலருக்கு நான்கைந்து ஆண்டுகள் இப்படியே போகும். ஒருநாள் இடம் கிடைக்கும். வேலையை ராஜினாமா செய்துவிட்டு மறுபடியும் மாணவராகப் போவார்கள். அப்படிப் போகிறவர்களுக்கும், போக நினைக்கிறவர்களுக்கும், அவர்களுடைய வீட்டாருக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கையில் நல்ல வேலை இருக்கும்போது எதற்கு மறுபடியும் படிப்பு? இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் எழும். இதற்குப் பதில் மறைமலை நகரிலேயே இருக்கிறது.

1995-ல் ஃபோர்டு நிறுவனம் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. மறைமலை நகரில் தொழிற்சாலை எழுந்தது. 1999-ல் ஐகான் கார் வெளிவந்தது. பின்னாளில் இங்கே தயாரான ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. ஆக, தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். 2022-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. 2,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வேலை போனது. அவர்களை நம்பியிருந்த வேன் ஓட்டுநர்கள், மெஸ் நடத்தியவர்கள், உதிரிபாகம் செய்துகொடுத்த சிறு பட்டறைக்காரர்கள் எத்தனை பேர் என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை. இப்போது காட்சி மாறியிருக்கிறது. அதே இடத்தில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஏற்றுமதிக்கான என்ஜின் தயாரிக்கப்போவதாகவும், 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்றும் 2025 அக்டோபரில் ஃபோர்டு அறிவித்தது.

உற்பத்தி லைனில் நின்று வேலை செய்தவருக்கு ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி இறங்க வேண்டும் என்பதும் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லைனை ஏன் நிறுத்தினார்கள், நிறுத்தியதை ஏன் மறுபடியும் திறக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிவதில்லை. அந்த முடிவுகள் வேறொரு அறையில், வேறொரு கணக்கில் எடுக்கப்படுகின்றன. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் பலர் மேலாண்மைப் படிப்பைத் தேடிப் போகிறார்கள். சம்பளம், பதவி உயர்வு எல்லாம் உண்டுதான். அவற்றுக்கு அடியில் இந்த ஆசையும் இருக்கிறது.

இனி, தேர்வுக்கு வருவோம். இந்திய மேலாண்மை நிறுவனங்களான ஐ.ஐ.எம்.கள் நடத்துகிற கேட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் கடைசியில் நடக்கும். ஏறத்தாழ 3 லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். இரண்டு மணி நேரத் தேர்வு. ஆங்கில வாசிப்பு, தரவுகளையும் தர்க்கத்தையும் அலசும் பகுதி, கணிதம் என மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் கழிந்துவிடும். 99 பெர்சன்டைல் வாங்கினாலும், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை முந்தினாலும், இடம் நிச்சயமில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களைப் பார்ப்பார்கள். வேலை அனுபவத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வு. அந்த ஆண்டு தவறினால், அடுத்த ஆண்டு தேர்வையே மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறுகிறவருக்கு இது சாதாரணக் காரியமில்லை. இந்த வாரம் விடியற்காலையில் எழுந்தவர் அடுத்த வாரம் விடியற்காலையில்தான் படுக்கப் போவார். தீபாவளி விற்பனைக்கான உற்பத்தி நெருக்கடி முடிந்து மூச்சு விடுவதற்குள் தேர்வு வந்து நிற்கும். இவர்களுக்கு இரண்டு யோசனைகள். முதலாவது, ஒருநாளைக்கு இத்தனை மணி நேரம் என்று திட்டம் போடாமல், வாரத்துக்கு இத்தனை என்று போட்டுக்கொள்ளுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் குறைந்தாலும் அடுத்த வாரத்தில் ஈடுகட்டலாம். இரண்டாவது, நம் பிள்ளைகளைப் பெரும்பாலும் தடுக்கி விழவைப்பது கணக்கு இல்லை, ஆங்கில வாசிப்புதான். அதைக் கோச்சிங் வகுப்பில் மூன்று மாதத்தில் ஊட்டிவிட முடியாது. தினமும் ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையை முழுதாகப் படிக்கிற பழக்கம் ஒன்றுதான் வழி.

சரி, இடம் கிடைத்துவிட்டது. ஜூன் அல்லது ஜூலையில் வகுப்பு தொடங்குகிறது. அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும்.

பல ஆண்டுகள் நுழைவுத் தேர்வுக்குப் படித்தவருக்கு ஒரு குணம் படிந்திருக்கும். கேள்வியைப் பார்த்ததும் இது முடியுமா, முடியாதா என்று நொடியில் தீர்மானிப்பது, முடியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது, நான்கு விடைகளில் ஒன்று கட்டாயம் சரி என்று நம்புவது. தேர்வு அறையில் இது பெரிய பலம். மேலாண்மை வகுப்பில் இதுவே பலவீனமாகிவிடும். அங்கே பல பாடங்கள் கேஸ் ஸ்டடி முறையில் நடக்கும். ஹார்வர்டில் வளர்ந்த முறை அது. 1961-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கியபோது ஹார்வர்டின் துணையோடு இந்தியாவுக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலைச் சில பக்கங்களில் எழுதிக் கொடுத்து, நீ மேலாளராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். பின்பக்கத்தில் விடை இருக்காது. முடியாத கேள்வியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பாதித் தகவலை வைத்துக்கொண்டு முழு முடிவு எடுத்து, அதை அறுபது பேர் முன்னால் நியாயப்படுத்த வேண்டும். போதாக்குறைக்கு முதல் வாரத்திலேயே பற்று வரவு, இருப்புநிலைக் குறிப்பு என்று கணக்கியல் வந்து நிற்கும். வணிகவியல் படித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அதை ஊதித் தள்ளும். ஆறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர் முழிப்பார். வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. சரளமான ஆங்கிலத்தில் மற்றவர்கள் பேசும்போது, தொழிற்சாலையிலிருந்து வந்தவர் வாயைத் திறக்கவே தயங்குவார்.

அந்தத் தயக்கம் தேவையே இல்லை. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே.பிரகலாத் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தார். பத்தொன்பது வயதில் சென்னையில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டுத்தான் அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குப் போனார். அதற்குப் பிறகு ஹார்வர்டில் முனைவர் பட்டம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணி, உலகப் புகழ். ஏழை மக்களையும் சந்தையின் மரியாதைக்குரிய வாடிக்கையாளர்களாகப் பார்க்கலாம் என்று 2004-ல் அவர் எழுதிய நூல் பெரிய நிறுவனங்களின் பார்வையைத் திருப்பியது. அந்தப் பேட்டரி தொழிற்சாலையில் தொழிலாளர்களோடும் தொழிற்சங்கத்தோடும் பழகிய நாட்கள்தாம் தன்னை மாற்றியவை என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சாதாரண மனிதர்களின் அறிவின் மீது அவருக்கிருந்த மதிப்பு அங்கே பிறந்தது.

இன்னொருவர் சரத்பாபு. சென்னை மடிப்பாக்கத்தில் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். தாயார் இட்லி விற்றுப் படிக்கவைத்தார். பிலானியில் வேதிப் பொறியியல் படித்தார். படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்கச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். வேலை பார்த்துக்கொண்டே கேட் தேர்வுக்குத் தயாராகி அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் சேர்ந்தார். 2006-ல் படிப்பு முடிந்ததும் பெரிய சம்பள வேலைக்குப் போகாமல் ஃபுட்கிங் என்ற உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.பி.ஏ. அவருக்குக் கணக்கும் நிர்வாகமும் கற்றுத் தந்திருக்கலாம். தொழில் எது என்பதை அவர் வீட்டு அடுப்படியே முடிவு செய்துவிட்டது.

இவர்கள் இருவரும் வகுப்பறைக்கு வெறுங்கையோடு போகவில்லை. நீங்களும் அப்படித்தான். உற்பத்தி மேலாண்மைப் பாடத்தில் கைசன், கான்பான், ஃபைவ் எஸ் என்று தொழிற்சாலை நடைமுறைகள் வரும். மற்றவர்களுக்கு அது தேர்வுக்குரிய சொல். உங்களுக்கு அது தினசரி வேலை. ஆலையை மூடுவது பற்றி ஒரு கேஸ் வந்தால், மற்றவர்கள் அட்டவணையில் உள்ள எண்களைப் பார்ப்பார்கள். மறைமலை நகரில் இருந்து போனவருக்கு எண்களோடு சேர்த்து, மூடிய ஆலையின் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையும் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்தைக் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று ஒருவர் கணக்குச் சொல்லும்போது, அதனால் எத்தனை பேர் லீவு போடுவார்கள், லைன் எத்தனை நிமிடம் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியும். தடுமாறுகிற ஆங்கிலத்தில் சொன்னாலும் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

அடுத்து, பணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னணி ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மாதம் 50,000 சம்பளம் வாங்கியவர் இரண்டு ஆண்டு வேலையை விட்டால் 12 லட்சம் வருமானம் போகிறது. ஆக 32 லட்சத்துக்கு மேல். வீட்டுக் கடனோ, தங்கை திருமணமோ இருக்கிற குடும்பத்தில் இது விளையாட்டில்லை. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் சேருவோர் பிணையமோ ஜாமீனோ இல்லாமல் கடன் பெறலாம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் கல்விக் கடன் வட்டியை எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

வேறு வழிகளும் உண்டு. அனுபவம் உள்ளவர்களுக்கென்றே ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. 2001-ல் ஐதராபாத்தில் தொடங்கிய ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்), பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் 2004-ல் தொடங்கி இப்போது மாமல்லபுரத்துக்கு அருகே இயங்கும் கிரேட் லேக்ஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. வேலையை விட முடியாதவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் வார இறுதி வகுப்புகளோடு எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதித் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் குறைந்த செலவில் படிக்கலாம். அதிகம் அறியப்படாத கல்லூரியில் சேருவதானால் ஏ.ஐ.சி.டி.இ. அல்லது யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே அந்த அமைப்புகளின் இணையதளத்தில் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற அதிகபட்சச் சம்பளத்தை நம்பாதீர்கள். நடுவில் இருக்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று முன்பு படித்தவர்களிடம் கேளுங்கள். ஆண்டுக்கணக்காகப் படித்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காக, கிடைத்த கல்லூரியில் கடன் வாங்கிச் சேராதீர்கள். அந்த அலுப்பில் எடுக்கிற முடிவுதான் பலரைக் கடனில் தள்ளுகிறது.

இந்த ஆண்டு சேரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலையிலிருந்து விடைபெறுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நீங்கள் பார்த்த பத்துச் சிக்கல்களை எழுதுங்கள். நிறுவனத்தின் ரகசியம் எதையும் எழுத வேண்டாம். லைன் ஏன் நின்றது, சப்ளையர் ஏன் தாமதித்தார், நல்ல ஆபரேட்டர் ஏன் வேலையை விட்டார், யார் முடிவெடுத்தார், அது சரியாக வந்ததா என்பவை போதும். நுழைவுத் தேர்வு மதிப்பெண் உங்களை வகுப்பறை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு உதவப்போவது அந்த நோட்டுப் புத்தகம்தான். இன்று இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதை இன்றைக்கே தொடங்கலாம்.