நீர் வடியும் வழி அறிந்தவர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

செம்பூரில் 1927ஆம் ஆண்டு தோன்றிய கோல்ப் மைதானத்தை நம்மில் பலர் மதிலுக்கு வெளியே நின்றே கண்டிருக்கிறோம். செல்வர் ஆடும் ஆட்டம், நமக்கென்ன என்று நகர்ந்துவிடுகிறோம். ஆயினும், அத்தகைய மைதானத்தை வகுப்பதும் ஓர் அரிய தொழிலாகும்.

அத்தொழிலில் சிறந்தவர் பீட்டர் தாம்சன். 1929இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஓப்பன் என்னும் பெரும் போட்டியில் 1954 முதல் 1965 வரையில் 5 முறை வென்றவர். வென்றதோடு நில்லாமல், மைதானம் வகுக்கும் பணியையும் மேற்கொண்டார். தில்லி மைதானத்தை 1970களில் திருத்தியமைத்தவரும், பெங்களூரில் கர்நாடக கோல்ப் சங்கத்து மைதானத்தை வகுத்தவரும் அவரே. 2018இல் மறைந்தார்.

இப்பணி 18 குழிகளைத் தோண்டுவது மட்டுமன்று. நிலத்தைப் பன்முறை நடந்து பார்த்து, மேடு எது, பள்ளம் எது, காற்று எத்திசையில் வீசும், மழைநீர் எங்கே தேங்கும், எவ்வழி வடியும் என்று அறிதல் வேண்டும். வரைபடம் அதன் பின்னரே. வல்லவனுக்குச் சோதனையும், எளியவனுக்கு ஒரு வழியும் ஒரே நிலத்தில் அமைய வேண்டும். வடிகால் பிழைத்தாலோ, முதல் மழையிலேயே புல் அழுகும்.

சுனாபட்டியில் வாழும் நமக்கு இது புதிதா? ஆடி மழையில் தண்டவாளம் மூழ்கி வண்டி நிற்கிறது. இரயில்வே எழுத்தராகிய நாம் தாமதத்தை ஏட்டில் குறிக்கிறோம். எந்தச் சந்தில் நீர் முதலில் ஏறும், எங்கே கடைசியில் வடியும் என்பதை நம் பிள்ளைகளே அறிவர்.

ஒரு நாள் நம் மகன் கணக்கு நோட்டில் தெருவின் மேடுபள்ளத்தை அம்புக்குறி இட்டு வரைந்திருந்தான். கிறுக்கல் என்று கடிந்து, தாளைக் கிழித்தெறிந்தோம். அவன் பின்னர் வரையவே இல்லை. நாம் கிழித்தது எது என்று இன்று எண்ணி வருந்துகிறோம்.

பெற்றோர்களே! மெட்ரிக் படிப்பும் தட்டச்சும் நமக்குச் சோறளித்தன, அவற்றைப் பழிக்கவில்லை. ஆயினும் தில்லியில் மட்டைப் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பனையே வென்றார். கால் நடந்து கற்றதும் கல்வியே. நில அளவை, கட்டடக் கலை, நீர்ப்பொறியியல் எனப் படிப்புகள் பல உள்ளன. பிள்ளை எதையேனும் வரைந்தால், கடியுமுன் அஃது என்னவென்று ஒரு சொல் கேளுங்கள்.