பார்சல் கைக்கு வரட்டும்



இன்றைய பேச்சு, வீட்டுக்கு வரும் பார்சலைப் பற்றியது. மருந்து, புத்தகம், குக்கர், செருப்பு என்று எல்லாமே இன்று வாசலுக்கு வருகின்றன. வாசலுக்கு வருகிறது, சரி. கைக்கு வருகிறதா? அதுதான் கேள்வி.

முதலில் ஒரு கதை. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதை. மைசூரு மண்டி மொஹல்லாவில் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பூக்கார அம்மாவின் கதை

மண்டி மொஹல்லா பழைய பேட்டை. தெருக்கள் நெருக்கமானவை. கன்னடம், உருது, தமிழ் மூன்றும் அங்கே காதில் விழும். சந்துகளில் பல வீடுகளுக்கு முன்புறம் சுவரோ கேட்டோ கிடையாது. கதவைத் திறந்தால் தெரு.

அப்படி ஒரு வீட்டில் பூ விற்கும் அம்மா ஒருவர். விடியும் முன்பே தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். மதியம்தான் திரும்புவார். வீட்டில் அவருடைய வயதான தாய் இருப்பார். தாய்க்குக் காது கேட்காது.

தாய்க்காக அந்த அம்மா சீட்டுக் கட்டினார். அந்தப் பணத்தில், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி காது கேட்கும் கருவி ஒன்று வாங்கினார். விலை 4,000 ரூபாய். மகள்தான் போனில் ஆர்டர் போட்டாள். முகவரியில் வீட்டு எண்ணை எழுதினாள். தெருப் பெயரை எழுதினாள். எத்தனையாவது குறுக்குத் தெரு என்பதை எழுத மறந்துவிட்டாள்.

ஒரு நாள் மார்க்கெட்டில் இருந்தபோது போன் வந்தது.

“அம்மா, பார்சல் வந்திருக்கு. கதவைத் தட்டுறேன், யாரும் திறக்கல.”

தாய்க்குக் காது கேட்காது, அதனால்தான் திறக்கவில்லை என்று அம்மா நினைத்தார்.

“நான் மார்க்கெட்டுல இருக்கேன்பா. வாசல்ல வெச்சிட்டுப் போயிடு.”

“ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லுங்கம்மா.”

அம்மா எண்ணைச் சொன்னார். பையன் பார்சலை வைத்துவிட்டுப் போனான்.

மதியம் வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுப் பையன் தெருவில் உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. வாய் தவறியது.

“உங்க பையன்தானே இங்கயே உக்காந்திருந்தான்? அவனைக் கேளு!”

“என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க?” என்றாள் அடுத்த வீட்டுக்காரி. அதோடு பேச்சு நின்றது. தினமும் குழம்பு மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் முகம் பார்க்காமல் போயின.

மூன்றாம் நாள் பெரியவர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அவர் கையில் நனைந்து ஊறிய அட்டைப் பெட்டி. அவர் வீடு வேறு குறுக்குத் தெருவில் இருந்தது. வீட்டு எண் மட்டும் ஒன்று. அவர் ஊருக்குப் போயிருந்தார். மூன்று நாள் மழையில் பெட்டி அவர் வாசலிலேயே கிடந்திருக்கிறது. உள்ளே இருந்த கருவி வேலை செய்யவில்லை.

யாரும் திருடவில்லை. ஆனால் பொருள் போயிற்று. நல்ல உறவும் போயிற்று.

தவறுகள் எத்தனை? மூன்று. முகவரி முழுமையாக இல்லை. பொருளைக் கண்ணால் பார்க்காமல் ஓடிபி சொன்னார்கள். மழைக்காலத்தில் வெட்டவெளியில் பெட்டியை வைத்தார்கள். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பழைய காலத்துக் காவல்

மைசூருக்கென்று ஒரு காலத்தில் சொந்தத் தபால் இருந்தது. சிக்கதேவராஜ உடையார் ஆட்சியில் அது தொடங்கியது. அதன் பெயர் ‘அஞ்செ’. கன்னடத்தில் தபாலுக்கு இன்றும் அதுவே பெயர். 1889-இல் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

தபாலில் மதிப்புள்ள பார்சலை எப்படி அனுப்பினார்கள்? துணியில் வைத்துத் தைத்தார்கள். தையலின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். அரக்கு உடைந்திருந்தால், வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாங்குபவர் முத்திரையைப் பார்ப்பார். பிறகுதான் கையெழுத்துப் போடுவார். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பார்.

அந்த முத்திரை அரக்குக்கும் மைசூருவுக்கும் உறவு உண்டு. 1937-இல், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், அங்கே ஓர் அரக்குத் தொழிற்சாலை தொடங்கியது. முத்திரை அரக்கும் அங்கே தயாரானது. இன்று அதன் பெயர் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ். தேர்தலில் விரலில் வைக்கிறார்களே, அந்த அழியாத மையைத் தருவதும் அதே தொழிற்சாலைதான். 1962 தேர்தல் முதல் தருகிறது. தொழிற்சாலை இருப்பது பன்னிமண்டபம் பகுதியில். மண்டி மொஹல்லாவுக்கு அது தூரமில்லை.

முகவரிக்கும் ஒரு காவல் வந்தது. 1972 ஆகஸ்டு 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தது. அதில் 6 எண்கள். மைசூரு நகரத்துக்கு 570 என்று தொடங்கும். ஓர் எண் மாறினால் பார்சல் வேறு ஊருக்குப் போகும். ஆனால் பின்கோடு பேட்டை வரைதான் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு வழி காட்ட வீட்டு எண், குறுக்குத் தெரு, பக்கத்தில் உள்ள கோயில், மசூதி அல்லது பள்ளி, போன் எண் எல்லாம் வேண்டும். முகவரியை ஒரு தாளில் முழுமையாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது. யார் ஆர்டர் போட்டாலும் அதைப் பார்த்து எழுதலாம்.

புதிய காலத்து அரக்கு

அன்று அரக்கு. இன்று ஓடிபி. ஒரே ஒரு முறை பயன்படும் ரகசிய எண் அது. அதைச் சொல்வது கையெழுத்துப் போடுவது போன்றது. ‘பொருள் என் கைக்கு வந்தது’ என்று ஒப்புக்கொள்வது போன்றது.

ஆகவே முதலில் பார்சல் கைக்கு வர வேண்டும். அதில் உள்ள பெயரைப் படிக்க வேண்டும். பெட்டி கிழிந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா, மறுபடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

தபாலில் ஸ்பீடு போஸ்ட் அனுப்புகிறவர்களுக்கும் இந்த வசதி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல், 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டினால், ஓடிபி சொன்ன பிறகே தபால்காரர் கொடுப்பார். ரசீதில் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். முதலில் 2 ஆங்கில எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் 2 ஆங்கில எழுத்து. பார்சல் எங்கே இருக்கிறது என்று அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். ரசீதைத் தொலைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. திருடர்களும் பார்சல் பெயரைச் சொல்லிப் போன் செய்கிறார்கள். “உங்க பார்சல் நின்னுபோச்சு, வந்திருக்கிற நம்பரைச் சொல்லுங்க” என்பார்கள். அந்த எண் பேங்க் ஓடிபியாக இருக்கும். சொன்னால் கணக்கில் உள்ள பணம் போகும். எனவே செய்தியைப் படித்த பிறகே பேச வேண்டும். செய்தியில் பேங்க் பெயரோ, பணம் எடுப்பது பற்றிய பேச்சோ இருந்தால், யாரிடமும் சொல்லக் கூடாது. ஆங்கிலம் புரியாவிட்டால், தெரிந்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

யாரும் கேட்காத பார்சலைக் கொண்டுவந்து, “பணம் கொடுங்க” என்பவர்களும் உண்டு. வீட்டில் யார் ஆர்டர் போட்டது என்று தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

மழையும் வெயிலும்

மைசூருவில் மே மாதமும் அக்டோபர் மாதமும் மழை வலுக்கும். காலையில் வெயில் அடிக்கும். மாலையில் கொட்டித் தீர்க்கும். அட்டைப் பெட்டி மேலே மட்டும் நனைவதில்லை. ஈரமான படியில் இருந்து கீழேயும் உறிஞ்சும்.

பகலில் ஆள் இல்லாத வீட்டில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி போதும். இரண்டு செங்கல் வைத்து, அதன் மேல் பெட்டியை வைக்க வேண்டும். கூரைத் தண்ணீர் விழாத இடமாக இருக்க வேண்டும். ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்ட வேண்டும். நம்பர் பூட்டுப் போட வேண்டும். ‘பார்சல்’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுத வேண்டும். கொண்டுவருபவர் போன் செய்தால் பூட்டின் எண்ணைச் சொல்லலாம். அன்றே எண்ணை மாற்றிவிட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் பெட்டியில் விட முடியாது. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் காயும் இரும்புப் பெட்டியில் அது கெட்டுவிடும். மருந்தும் விலை உயர்ந்த பொருளும் ஆள் கைக்கே வர வேண்டும்.

பார்சல் அனுப்புகிறவர் பொருளை முதலில் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும். முகவரியின் மேல் ஒட்டுத் தாள் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மழையில் மை கரைந்து போகும். உள்ளேயும் ஒரு சீட்டில் முகவரி எழுதிப் போட வேண்டும்.

நம்பிக்கையான கை

எந்தப் பூட்டையும் விட நல்ல காவல் ஒன்று உண்டு. அடுத்த வீட்டுக் கை.

ஒரு சந்தில் நான்கு வீடுகள் பேசி வைத்துக்கொள்ளலாம். பகலில் யார் வீட்டில் ஆள் இருக்கிறதோ, அவர்கள் மற்றவர்களின் பார்சலை வாங்கி வைக்கலாம். ஒரு நோட்டு போதும். தேதி, யாருக்கு வந்தது, வாங்கியவர் கையெழுத்து, எடுத்துப் போனவர் கையெழுத்து. நான்கே கட்டம். கையெழுத்துப் போடக் கற்றவர்களுக்கு இதைவிட நல்ல வேலை ஏது?

அடுத்தவர் பார்சலை யாரும் பிரிக்கக் கூடாது. தவறி வந்த பார்சலை வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றம்.

பார்சல் வராவிட்டால்

முதலில் யாரையும் சந்தேகப்படக் கூடாது. ‘கொடுத்தாகிவிட்டது’ என்று செய்தி வந்திருந்தால், எங்கே, யாரிடம் என்று பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் பார்சலை வைத்த இடத்தைப் படம் எடுத்து வைக்கின்றன. அதைக் கேட்க வேண்டும். பிறகு அன்றே விற்ற கம்பெனியிடம் புகார் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆன்லைன் கடை 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் இல்லை. உண்மையிலேயே திருட்டுப் போயிருந்தால் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கதையின் முடிவு

பூக்கார அம்மாவும் புகார் கொடுத்தார். கம்பெனியிடம் ஒரு படம் இருந்தது. அதில் நீலக் கதவு. அம்மாவின் வீட்டுக் கதவு பச்சை. ஆள் கையில் கொடுக்காமல் வேறு வீட்டில் வைத்தது தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் வேறு கருவி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே அம்மா அடுத்த வீட்டுக்குப் போனார்.

“தப்பாப் பேசிட்டேன், தங்கச்சி. மனசுல வெச்சுக்காத.”

“பையன்தான் ரெண்டு நாளாச் சாப்பிடலக்கா” என்றாள் அவள். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவளே காபி போட்டாள்.

இந்த முறை முகவரியில் குறுக்குத் தெருவும் இருந்தது. அடுத்த வீட்டு எண்ணும் இருந்தது. அம்மா மார்க்கெட்டில் இருந்தபோது பார்சல் வந்தது. அந்தப் பையன்தான் வாங்கினான். பெயரைப் படித்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு அம்மாவுக்குப் போன் செய்தான்.

“வந்துடுச்சு பெரியம்மா. என் கையிலதான் இருக்கு. இப்ப நம்பரைச் சொல்லுங்க.”

நண்பர்களே, வாசற்படிக்குக் கை கிடையாது. மனிதருக்குத்தான் உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு எடுத்து நான்கு கட்டம் போட வேண்டும். அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.