கடல் கடந்த கணக்கேடு

(கிளிநொச்சியில் முதியோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்கால் வரை நடந்து மீண்டவர்கள் பலர் இங்கே இருக்கின்றீர்கள். காணி உறுதி போயிற்று. பிறப்புப் பத்திரம் போயிற்று. நாம் யாரென்று நிறுவத் துண்டுக் காகிதமுமின்றி அலைந்தோம். இன்றோ நம்முட் சிலர் கனடாவில் எந்நாளில் விமானம் ஏறினர், எந்நாளில் வந்திறங்கினர் என்பதை அந்நாட்டு அரசாங்கம் பதினைந்து ஆண்டுகள் வரை பத்திரப்படுத்துகின்றது. அந்த ஏட்டைப் பற்றியே பேச வந்தேன்.

பிள்ளைகள் அழைக்க ஸ்காபரோ சென்ற பெற்றோருக்கு அங்கே முதியோர் ஓய்வூதியம் உண்டு. 65 வயதாக வேண்டும். பதினெட்டு வயதின் பின் குறைந்தது 10 ஆண்டுகள் அங்கு வசித்திருக்க வேண்டும். 40 ஆண்டுகள் இருந்தவர்க்கே முழுத்தொகை. ஆனால் வன்னியில் இருந்துகொண்டு அதனைத் தொடர்ந்து பெறுவதற்குப் பத்து ஆண்டு போதாது, இருபது வேண்டும். குறைந்தவர் வெளியேறினால், வெளியேறிய மாதத்துக்கும் அடுத்த ஆறு மாதங்களுக்குமே பணம். வருமானம் குறைந்தோருக்கான மேலதிகக் கொடுப்பனவோ, இருபது ஆண்டு இருந்தவர்க்கும் அவ்வாறே நின்றுவிடும்.

ஏ-9 வீதி திறந்திருந்த 2005இல் ஒருவர் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல், பிறந்த மண்ணிற் கண்மூட விரும்பித் திரும்புகின்றார். பத்தொன்பது ஆண்டுகள்! இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் ஆயுள் முழுவதும் கிடைத்திருக்கும். இதனை அவருக்குச் சொல்வாரில்லை.

முன்னர் முதியவரின் வாய்மொழியும் கடவுச்சீட்டின் முத்திரையுமே பெரும்பாலும் சான்று. 2018 டிசம்பரில் கனடாப் பாராளுமன்றம் சுங்கச் சட்டத்தைத் திருத்தியது. 2020 ஜூன் முதல், வெளியேறும் பயணிகளின் விபரத்தை விமானக் கம்பனிகள் எல்லைச் சேவை முகவரகத்துக்குக் கொடுக்கின்றன. ஓய்வூதியத்தைக் கவனிக்கும் திணைக்களம் அதனைப் பெற்று வசிப்பிடத்தைச் சரிபார்க்கலாம்.

இது தவறா? பொதுமக்கள் பணம், கணக்குக் கேட்பது நியாயமே. ஊரில் இருந்துகொண்டு அங்கிருப்பதாக எழுதுவோருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்த ஏடு விமான நிலையத்தின் வாசலை மட்டுமே அறியும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தவர் காலொடிந்து எட்டு மாதம் படுத்ததை அறியாது. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், எங்கே? ஸ்காபரோ முகவரிக்கு! மகன் இரவு வேலையில். பேரனுக்குத் தமிழ் தெரியாது. தவணை கடந்துவிடும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். நிறுத்துமுன் முதியவரைக் கேட்க வேண்டும்; அவருக்கு விளங்கும் மொழியிற் கேட்க வேண்டும்; ஏட்டில் உள்ளதை அவருக்கும் காட்ட வேண்டும். பயண வரலாற்றின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை அந்நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. பயணத்தை முடிவுசெய்யுமுன் அதனைப் பெறுங்கள்.

கொழும்புக்கும் ஒரு வார்த்தை. கனடாவுடன் இந்தியா செய்த சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2015இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே சந்தா செலுத்திய காலத்தையும் தகுதிக்குச் சேர்த்தெண்ண அதில் இடமுண்டு. இலங்கைக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லை. நம் விவசாயிக்கு அதனால் உடனே பயன் வராது. ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டியவர்களின் காலத்தை எண்ணும்படி கேட்கலாம். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கேள்வியைச் சபையில் எழுப்ப வேண்டும்.

கடவுச்சீட்டு வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் இம்மேசைக்கு வாருங்கள். பழைய கடவுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். திகதிகளைச் சேர்ந்திருந்து எண்ணிப் பார்ப்போம்.