மருமகளின் சிவப்பு அட்டைக்கு யார் பொறுப்பு?



ஜாசின், மெர்லிமாவ், பெம்பான், ஆசஹான் வட்டாரங்களில் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் இருக்கும் வீடு புதிதல்ல. அவள் சமைக்கிறாள், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறாள், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கிறாள். அக்கம்பக்கத்தார் அவளை ஊர்க்காரியாகவே பார்க்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவள் யார்? கடப்பிதழில் உள்ள பாஸ் எந்தத் தேதிவரை செல்லுமோ, அந்தத் தேதிவரை தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவர். அவ்வளவுதான். "தாலி கட்டியாகிவிட்டது, இனிமேல் என்ன பத்திரம்?" என்று கேட்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இந்த உரை அந்தக் குடும்பங்களுக்காக.

சிவப்பு அடையாள அட்டை என்றாலே தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு வலி உண்டு. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு அது கடுமையாக அமலானபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். வழி சொல்ல ஆளில்லாமல் அன்று பலர் பத்திரம் இல்லாமல் நின்றார்கள். தாத்தா காலத்தில் துயரமாக இருந்த அதே சிவப்பு அட்டை, இன்று வந்த மருமகளுக்கு ஒரு பாதுகாப்பு. இன்று வழி தெரியும். அந்த வழியில் நடக்கிறோமா என்பதே கேள்வி.

முதல் படி திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணவிலக்கு குறித்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கோயிலில் மாலை மாற்றினால் மட்டும் அந்தச் சட்டப்படி மனைவி ஆகிவிட முடியாது. தமிழ்நாட்டில் திருமணம் முடித்தவர்களும் ஆறு மாதங்களுக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்திலோ, நாடு திரும்பியபின் இங்கேயோ பதிவு செய்தாக வேண்டும்.

பதிவை ஒத்திப்போட்டால் அடி விழுவது பிள்ளை மேல். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, பெற்றோரின் திருமணம் பதிவாகாத பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை கணக்கில் வராது; தாயின் நிலைதான் பார்க்கப்படும். தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை கேள்விக்குறியாகும். பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ்காரர். பிள்ளை பிறந்து சில மாதங்களுக்குப் பிறகே அவர்களின் திருமணம் பதிவானது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்தப் பிள்ளை தானாகவே குடிமகன் ஆகவில்லை என்று தீர்ப்பளித்தது. சில மாதத் தாமதம் ஒரு பிள்ளையின் நாட்டையே கேள்விக்குள்ளாக்கியது.

இரண்டாம் படி நீண்டகால சமூக வருகை பாஸ். மனைவி இந்த நாட்டில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். ஆனால் வந்த விசாவின் தேதி முடிவதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். தேதி தாண்டித் தங்குவது 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். அது பின்னால் வரும் எல்லா விண்ணப்பத்திலும் கறையாக நிற்கும். இந்த பாஸுக்குக் கணவர்தான் பொறுப்பாளர். புதுப்பிக்கும்போது அவரும் கூடவே ஆயர் குரோவில் உள்ள குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு வர வேண்டும். பாஸ் கையில் இருந்தால் வேலைக்குப் போகலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வேலை செய்வதற்கான அனுமதியைத் துறையிடம் தனியாகக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் பல வீடுகளில் சிக்கல் பிறக்கிறது. ஒரு சண்டை வந்தால், "இந்த வருஷம் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குப் போ" என்று மிரட்டும் கணவர் உண்டு. மருமகளின் கடப்பிதழைத் தன் அலமாரியில் பூட்டி வைக்கும் மாமியாரும் உண்டு. கணவர் திடீரென்று இறந்துவிட்டால், பொறுப்பாளர் இல்லாத பாஸோடு அந்தப் பெண் நிற்கிறாள். பிள்ளை மலேசியக் குடிமகன், தாய்க்கோ நாள் குறித்த பாஸ். கணவரை இழந்தவர்கள் ரெசிடன்ஸ் பாஸ் கேட்கும் வழி இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்து பத்திரம் தேடும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

மூன்றாம் படிதான் சிவப்பு அட்டை. பாஸோடு ஐந்து ஆண்டு இடைவிடாமல் இங்கே வாழ்ந்த வாழ்க்கைத் துணை, நிரந்தரமாகத் தங்குவதற்கான நுழைவு பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 'இடைவிடாமல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு முறை பாஸை விட்டுவிட்டால் சேர்த்து வைத்த ஆண்டுகள் வீணாகலாம். கேட்டதும் கிடைக்கும் உரிமையும் அல்ல இது; கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் முடிவு. பல ஆண்டுகள் காத்திருப்போர் உண்டு. அதனால்தான் ஐந்தாம் ஆண்டு நிறைந்ததும் விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் ஆண்டு நினைவு வந்தால் போதாது.

இந்த அட்டை முன்பு தாய்க்கு மட்டும் பயன்பட்டதில்லை. மலேசியாவில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அந்தப் பிள்ளை குடிமகன் என்றது 2024 திருத்தத்துக்கு முந்தைய அரசியலமைப்பு. தாயின் சிவப்பு அட்டை பிள்ளையின் நீல அட்டைக்கு அரணாக இருந்தது.

அடுத்தது குடியுரிமை. அரசியலமைப்பின் 15(1) பிரிவின் கீழ், இரண்டு ஆண்டு இங்கே வாழ்ந்த, நன்னடத்தையுள்ள வெளிநாட்டு மனைவி விண்ணப்பிக்கலாம். பதிவுத் துறை அதற்கு முதலில் நுழைவு பெர்மிட்டைப் பார்க்கிறது. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே இந்தியக் கடப்பிதழை விடத் தயாரா என்று மனைவியிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வெளிநாட்டு மனைவிக்கு மலாய் மொழி அறிவும் வேண்டும். அதோடு, திருமணம் முறிந்தால் குடியுரிமையைப் பறிப்பதற்கான இரண்டு ஆண்டு கணக்கு, திருமண நாளிலிருந்து அல்லாமல் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எண்ணப்படும். ஆகவே மருமகள் வந்த முதல் மாதமே மலாய் கற்றுக்கொடுக்கத் தொடங்குவது நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளையே ஆசிரியராக இருக்கலாம்.

நம் பெண்கள் வெளிநாட்டவரை மணந்தாலோ நிலைமை வேறு. வெளிநாட்டுக் கணவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் திருமணத்தின் வழியாகக் குடியுரிமை கேட்க 15ஆம் பிரிவில் அவருக்கு இடமில்லை. மகனின் மனைவிக்குத் திறக்கும் கதவு மகளின் கணவருக்குத் திறக்கவில்லை. இதைப் பற்றி சமுதாயத் தலைவர்கள் பேச வேண்டும்.

கணவர்மார்களே, உங்களால் இன்றே முடிகிற காரியங்கள் உண்டு. மனைவியின் கடப்பிதழை அவர் கையிலேயே கொடுங்கள். பாஸ் முடியும் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கிளம்புங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய பாஸ்களின் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரிய வேண்டும்.

பெற்றவர்களையும் பிறந்த மண்ணையும் விட்டு உங்களை நம்பி வந்தவர் அவர். நீங்கள் இல்லாத நாளிலும் அவர் இந்த மண்ணில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். நகை போட்டு அழைத்து வந்தீர்கள். அட்டையையும் வாங்கிக் கொடுங்கள். அது உங்கள் கடமை.