வண்டிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

(சிங்காநல்லூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



ரிங் ஃபிரேமின் ஓரத்தில் இருக்கும் ஹாங்க் மீட்டரை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். எவ்வளவு நூல் நூற்றோம் என்று அது எண்ணும். மாட்டியவன் முதலாளிதான், ஆனால் எண் நம் கண்ணெதிரே இருந்தது. குறைத்து எழுதினால், “வாய்யா, மீட்டரைப் பார்ப்போம்” என்று மேஸ்திரியைக் கூப்பிட முடிந்தது. இன்று நான் பேச வந்தது மின்சார வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மீட்டரைப் பற்றி.

சென்ற மாதம் ஒண்டிப்புதூர்ப் பக்கம் சிக்னலில் நின்ற ஒரு மின்சார ஆட்டோ மறுபடி கிளம்பவில்லை. ஓட்டியவர் பழைய மில் தொழிலாளி. ஆலை மூடியபின் கடனில் வண்டி எடுத்தவர். பாட்டரியில் சார்ஜ் இருந்தது, வயர் எதுவும் அறவில்லை. மர நிழலுக்குத் தள்ளிப் போனோம். அரைமணி கழித்துத்தான் சங்கதி தெரிந்தது: தவணை பன்னிரண்டு நாள் தாமதம். கடன் கொடுத்தவர்கள் எங்கோ உட்கார்ந்துகொண்டு வண்டியை அணைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை நடத்தியே கூட்டிப் போனேன். மாட்டை ஜப்தி செய்ய வருகிறவன்கூட வாசலில் வந்து, நாலு பேர் பார்க்கத்தான் கயிற்றைப் பிடிப்பான்!

எப்படி அணைத்தார்கள்? இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று. செயற்கைக் கோள்களைக் கொண்டு இடம் அறியும் துண்டு, சிம் கார்டு போட்ட மோடம், சின்னக் கணக்கு யந்திரம், இவ்வளவுதான். பாட்டரியும் மோட்டார் கண்ட்ரோலரும் ஒன்றோடொன்று பேச இரட்டை வயர் ஒன்று வண்டியில் ஓடுகிறது. ‘கேன்’ என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986ல் வெளியிட்ட முறை. அந்த வயரில் பெட்டி காது வைத்துக் கேட்கிறது. அதற்கு வாயும் உண்டு. ‘ஓடாதே’ என்று கண்ட்ரோலருக்குச் சொல்லவும் முடியும்.

கேட்பது நல்ல காரியம். அதை மறுக்காதீர்கள். பாஸ்பேட் வகை லிதியம் செல் ஒன்று 3.2 வோல்ட், பதினாறைத் தொடுத்தால் 51.2 வோல்ட் பாட்டரி. பதினாறில் ஒன்று நலிந்தாலும் மொத்தப் பாட்டரியும் மடங்கிவிடும். எந்த செல் என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றலாம். தெரியாவிட்டால் முழுப் பாட்டரிக்கும் பணம் கட்ட வேண்டியதுதான். வண்டி நம்முடையது, வியாதி நம் வண்டிக்கு, சீட்டு மட்டும் கம்பெனியின் பெட்டகத்தில்!

நம் ஊர் வழக்கம் இதுவா? 1937ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டார் செய்தார்கள். அதன் வாரிசுகள் இன்று கிணறுதோறும் இறங்கியிருக்கின்றன. மோட்டார் எரிந்தால் எந்தக் கம்பெனியுடையதானாலும் சூலூரிலோ பல்லடத்திலோ வைண்டிங் கடைக்காரர் பிரித்து, சுற்றுகளை எண்ணி, கட்டிக் கொடுத்துவிடுகிறார். யாரிடம் அனுமதி கேட்டார்? அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டரைப் பழுதுபார்க்கும் வழியைக் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது என்று, 2025 ஜனவரியில் அந்நாட்டு சர்க்காரின் வர்த்தகக் கமிஷனே வழக்குத் தொடுத்தது. நாளை நம் டிராக்டருக்கும் அது வரும்.

மாற்று வழி கற்பனை அல்ல. ஹாங்காங்கில் தொடங்கி, டெஸ்லாவின் ரோட்ஸ்டர் காருக்காகச் சிலர் இத்தகைய பெட்டியைத் தாங்களே செய்தார்கள். ஓ.வி.எம்.எஸ். என்று பெயர். வரைபடம், நிரல் எல்லாம் பகிரங்கம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். பின்னர் நிசான் லீஃப் முதலிய பல வண்டிகளுக்கும் அது பொருந்தும்படி ஆயிற்று. அதன் மூளையான ‘இ.எஸ்.பி.32’ துண்டு பொருத்திய பலகை சில நூறு ரூபாய்க்குக் கடையிலேயே கிடைக்கிறது.

நம் வண்டிக்கு எப்படிச் செய்வது? தனித்தனிப் பலகைகளாக, கதர் எடுத்த தறியைக் கழற்றி மாட்டுவதுபோல. மின்சாரத்தை 51 வோல்டிலிருந்து இறக்கும் பலகை ஒன்று, மூளை ஒன்று, மோடம் ஒன்று. ஊரில் 2ஜி நின்று 4ஜி வந்தால் மோடத்தை மட்டும் மாற்றினால் போதும். முக்கியமானது கேன் பலகை. அதில் பேசும் கம்பியை இணைக்கவே கூடாது. கேட்கும் கம்பி மட்டும். நிரலில் ‘பேசாதே’ என்று எழுதி வைப்பதை நான் நம்பமாட்டேன். எழுதியதை ராத்திரியில் ஒருவன் மாற்றிவிடலாம். இல்லாத கம்பியை எவனும் தொலைவிலிருந்து இணைக்க முடியாது.

“வரைபடம் எல்லோருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே” என்று ஒரு தோழர் கேட்டார். திண்டுக்கல் பூட்டின் அமைப்பு ஊரறிந்தது. சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது. இதிலும் அப்படியே.

ஒன்றை மறைக்க மாட்டேன். கடனில் உள்ள வண்டியில் கம்பெனிப் பெட்டியைக் கழற்றினால் ஒப்பந்தத்தை மீறியதாக வரும். உத்தரவாதமும் போகலாம். ஆகவே முதலில் பாலிடெக்னிக் பையன்கள் இருவர் கடன் தீர்ந்த ஒரு வண்டியில் மாட்டிப் பார்க்கப் போகிறார்கள். ஞாயிறு காலை சங்க ஆபீஸ் வாசலில். ஆட்டோத் தோழர்கள் வரும்போது கடன் பத்திரத்தையும் எடுத்து வாருங்கள். தொலைவிலிருந்து அணைக்கும் உரிமையை எந்த ஷரத்தில் எழுதியிருக்கிறார்கள், முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று உட்கார்ந்து வாசிப்போம்.