மாமியார் கட்டிய வேட்டித் துணி

(கூட்டமைப்பு விழாவில் மணப்பட்டு குழு உறுப்பினர் பேசியது)



சுத்தமான குடிநீர் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு துண்டுத் துணியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் கல்யாணமாகி மணப்பட்டுக்கு வந்தபோது, என் மாமியார் குடத்து வாயில் பழைய வேட்டித் துணியை மடிச்சுக் கட்டித்தான் தண்ணி பிடிப்பாங்க. "பிளாஸ்டிக் வடிகட்டி இருக்கே, இது எதுக்கு?" என்று நான்தான் அவிழ்த்துப் போட்டேன். போன மழைக்காலத்தில் சின்னவளுக்கு வயித்துப்போக்கு. ரெண்டு நாள் உப்பு சர்க்கரைக் கரைசலும் கையுமா உட்கார்ந்திருந்தேன். துணியை எடுத்ததால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். நான் தண்ணியைக் காய்ச்சவும் இல்லை. ஆனால் மாமியார் செஞ்சதுக்கு அர்த்தம் இருக்கா என்று அப்புறம்தான் விசாரிச்சேன்.

இருக்கு. பருத்தி நூல் செல்லுலோஸ் என்கிற நார்ப்பொருள். துவைக்கத் துவைக்க நூல் பிரிஞ்சு, கண்ணிகள் சின்னதாகும். அதனால் புதுசைவிடப் பழசு நல்லா வடிகட்டும். வங்கதேசத்தில் மத்லப் பகுதியில், ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் இதைச் செய்து பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். பழைய பருத்திப் புடவையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடிச்சு வடிகட்டிய ஊர்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. காலராக் கிருமி கண்ணுக்குத் தெரியாத சின்ன நீர்ப்பூச்சிகள் மேலே ஒட்டிக்கிட்டு வருது. பூச்சி துணியில் நின்னா, கிருமியில் பெரும்பங்கும் நின்னுடும்.

நம்ம நாட்டில் நரம்புச் சிலந்தி நோயும் நீர்ப்பூச்சி வழியாத்தான் வந்தது. அதை ஒழிக்கவும் துணியில் வடிகட்டச் சொன்னாங்க. 2000-ல் அந்த நோய் இந்தியாவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

நார்ப்பொருள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கு. நெல் உமியின் சாம்பலை வைத்து 2009-ல் டாடா ஸ்வச் என்ற வடிகட்டி வந்தது. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, பக்குவப்படுத்தித்தான் பல வடிகட்டி மிஷின்களில் வைக்கிறாங்க. அது நாத்தத்தையும் குளோரின் வாடையையும் பிடிக்கும். அடுப்புக் கரி அந்த அளவுக்கு வேலை செய்யாது.

ஒண்ணை மறக்கக் கூடாது. துணியோ கரியோ உப்பை எடுக்காது. நம்ம ஊர் கடலோரம். கரிக்கிற தண்ணி எத்தனை மடிப்பு போட்டாலும் கரிக்கும். தனியா மிதக்கிற கிருமியும் துணியில் நிக்காது. அதனால் வடிகட்டின பிறகு காய்ச்சியே ஆகணும்.

நைலான் வேண்டாம், பழைய பருத்தித் துணி போதும். நாலா மடிங்க. வடிகட்டினதும் துணியை அலசி வெயிலில் காயப் போடுங்க. ஈரத் துணியை அப்படியே மறுநாளும் கட்டாதீங்க. கொதிச்ச தண்ணியை மூடி வைங்க.

இப்போ எங்க வீட்டுக் குடத்தில் அந்த வேட்டித் துணி திரும்பவும் ஏறியிருக்கு. கட்டுறது நான். சரியா மடிச்சிருக்கேனா என்று பாக்குறது மாமியார்.